செல்லுச் சுவர்

கத்தியின் வாயில் ஒரு பல் விழுந்திருந்தது. எள்ளில் கால்வாசி உடைசல்தான் இருக்கும். வேறு யார் பார்த்தாலும் கண்ணில் படாது. சாலம்மாளுக்கு மட்டும் எட்டு நாளாக அது வாசற்படி அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. கத்தியை எடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டே எடுப்பாள்.

அது சவரக்கத்தி. ஆனால் நல்லம்பள்ளியில் ஆபீசாக இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குள் யாரும் சவரம் செய்துகொண்டதில்லை. ராகித் தாளில், அதாவது காய்ந்த தண்டில், ஒரு துண்டை நெட்டித் தக்கைக்கு நடுவே இறுக்கி, தண்ணீர் தொட்டு, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவதற்காகச் சர்க்கார் வாங்கிக் கொடுத்த கத்தி. சீவுவது சாலம்மாளின் வேலை. சீவியதைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, எந்த ஊர்த் தாள் என்று சீட்டு எழுதி ஒட்டுவதும் அவள் வேலைதான்.

சீவலைப் பார்ப்பவர் லூர்துமேரி அம்மாள். பாளையங்கோட்டைக்காரர். செடிகொடிகளைப் பற்றிச் சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆண்களெல்லாம் சண்டைக்கும் சண்டை சார்ந்த உத்தியோகங்களுக்கும் போய்விட்ட அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷத்தில், தை மாசம், நாலு மரப்பெட்டிகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். முந்தின வருஷம் குலைநோய் விழுந்து ராகிக் கதிர்கள் கறுத்துப் போயிருந்தன. அரிசி கிடைக்காத காலத்தில் ராகியும் போனால் என்ன ஆவது என்று மேலிடத்தில் பயம். எந்த ஊர் ராகியில் நோய் ஒளிந்திருக்கிறது என்று விதைப்புக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊர் விதையை மட்டும் தீயில் போட்டுவிட்டால் மற்ற ஊர்கள் தப்பிக்கும். இதுதான் உத்தரவு.

வெறும் கண்ணுக்கு நோய் தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பித்தளைக் குழாய். ஸ்பெக்ட்ராஸ்கோப் என்று அம்மாள் சொல்வார். ஆபீஸ் பியூன் மாரப்பனுக்கு அது வானவில் குழாய். அறையின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, தெற்குக் கதவில் மட்டும் விரல் நுழையும் ஓட்டை போட்டிருந்தார்கள். மாரப்பன் வெளியே நின்று ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் அனுப்புவான். வெயில் கருநீலக் கண்ணாடி ஒன்றைத் தாண்டி வரும்போது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருண்டுவிடும். அந்த இருட்டு வெளிச்சம் பட்டதும் தாளின் சீவல் தானாக ஒளிரும். குழாய் வழியாகப் பார்த்தால் அந்த ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து, எண் போட்ட கோடுகளின் மேல் ரிப்பன் போல விழும். நோயில்லாத தாள் என்றால் நீலம் ஏழாம் கோட்டோடு நின்றுவிடும். பூஞ்சணம் புகுந்த தாள் என்றால் பச்சையாகி, பதினொன்று வரைக்கும் வழியும்.

"செடியோட சுவர் பஞ்சு மாதிரிச் சரக்கு. பூஞ்சணத்தோட சுவர் பூச்சி ஓட்டுல இருக்கே, அந்தச் சரக்கு. சாயம் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டாது" என்று ஒரு நாள் கடிதம் ஒன்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியபோது அம்மாள் சொன்னார். சாலம்மாளுக்காகச் சொல்லவில்லை. ஆனால் சாலம்மாள் காதில் விழுந்தது அப்படியே தங்கிவிட்டது. அவளுக்கு எல்லாம் தங்கும். வெளியே வராது, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். எழுந்து நின்றாள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்று வலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்று வலி. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. மூன்று வருஷம் கழித்து, எழுத்து நன்றாக இருக்கிற பெண்பிள்ளை யாராவது கிடைப்பாளா என்று அம்மாள் விசாரித்தபோது மாரப்பன்தான் சொன்னான்: "எங்க தெருவுல ஒண்ணு இருக்குதுங்க. எழுத்து அச்சாட்டம் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும். அதுலயும் மூணு 'சரிங்க'."

அன்று காலையிலும் அவன் சும்மா இருக்கவில்லை. கத்தியோடு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாருக்குப் புள்ள சவரம்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கட்டை விரல் பல் இருந்த இடத்துக்குப் போனது.

பல் விழுந்தது வத்தல்மலைத் தாளைச் சீவும்போது. பன்னிரண்டு ஊர்களிலிருந்தும் தாள் வந்தது. மற்ற ஊர்த் தாள்கள் சும்மா கயிற்றில் கட்டி வந்தன. வத்தல்மலைத் தாள் மட்டும் தேக்கிலையில் பொதிந்து, நார் போட்டுக் கட்டி, பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி வந்தது. பிரித்தால் ஒவ்வொரு தாளின் மேலும் மண் அப்பியிருந்தது. பார்க்காமல் சீவியதில் மணல் கடித்துக் கத்தி பல் விட்டது. சாலம்மாள் பதறிப்போனாள். கத்தி சீமையிலிருந்து வந்தது, இந்தச் சண்டைக் காலத்தில் வேறு கிடைக்காது என்று அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னால் என்ன சொல்வாரோ. மலைக்காரர்கள் மண்ணோடு அனுப்பிவிட்டார்கள் என்று மாரப்பன் வேறு ஊரெல்லாம் சிரிப்பான். அவள் சத்தம் போடாமல் பத்துத் தாளையும் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவினாள். பல் இல்லாத பக்கமாகச் சீவினாள். தேக்கிலைப் பொதியை மண்ணோடு சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பத்துத் தாளும் பச்சை. பத்தும் பதினொன்றாம் கோடு. கீழே இருக்கிற ஊர்களில் மோசமான ஊரில்கூட மூன்றுதான் பச்சை. அம்மாள் குழாயிலிருந்து முகத்தை எடுத்து, "பத்துக்குப் பத்தா!" என்றார். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இந்தக் குழாயை நம்பாதவர்கள் மேலே நிறையப் பேர். பத்துக்குப் பத்து என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. வத்தல்மலையின் விதை ராகி மொத்தத்தையும் வெள்ளிக்கிழமை எரிப்பது என்று தாலுகாவில் பேசி வைத்தாகிவிட்டது. ரிப்போர்ட் சேலத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அது இன்றைக்கு நாலு மணிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரிபஸ்ஸில் போகிறது.

சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் அந்த மனிதர் வந்தார். சந்தை நாள். தலையில் சீயக்காய் மூட்டை. ஐம்பது வயதிருக்கும். மூட்டையை இறக்கி வாசலில் வைத்துவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"கடுதாசி போட்ட அம்மா இருக்காங்களா தாயி? நான் வத்தல்மலை ஊர்க்கவுண்டன், மல்லையன்."

சாலம்மாள் உள்ளே கையைக் காட்டினாள். உள்ளே அம்மாள் கவருக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்.

"வேலையா இருந்தா இருக்கட்டும். நான் சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாமின்னு வந்தேன். கடுதாசி நீ எழுதினதா?" அவள் தலையை ஆட்டினாள். "நெனச்சேன். எழுத்து ராகி மணியாட்டம் உருண்டையா இருந்துச்சு. எங்கூருல படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன். அவனும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மூணு தடவ படிக்க வெச்சுக் கேட்டோம். ஆனா நல்ல வேலை வெச்சீங்க போ!"

சாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செல்லுச் சுவரு பாக்கோணும், அதுக்குத் தக்க தாளாப் பொறுக்கி அனுப்புன்னு எழுதிப்புட்டீங்க. எங்க கொல்லைக் காட்டுல செல்லுக்கு எங்க போறது? மேட்டு நெலம். ஈரம் நிக்காது, செல்லு ஏறாது. ஊருப் பொம்பளைங்க எல்லாம் மூணு நாளு தாளுப் போருக்கு அடியில கைய வுட்டுத் தேடி, செல்லு மண்ணு அப்பின தாளா ஒவ்வொண்ணா உருவினாங்க. சுவரு ஒடைஞ்சு போயிருமேன்னு தேக்கெலையில சுத்தி, எம் மச்சான் மாதேசு தலையில வெச்சு மெல்ல மெல்ல எறங்கினான். ஒடையாம வந்துச்சா தாயி?"

சாலம்மாள் உள்ளே மேஜைக்கு அடியில் கிடந்த தேக்கிலைப் பொதியை நினைத்தாள்.

பங்குனியில் அம்மாள் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் அது. "அவங்க ஊர்த் தாளோட செல் சுவரைப் பாக்கணும், தக்க மாதிரி பத்துத் தாள் அனுப்பச் சொல்லி எழுது" என்றார் அம்மாள். அவர் வாயில் செல் என்பது இங்கிலீஷ். செடியின் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அறை அறையாகக் கட்டியிருக்கிறதாம். ஒவ்வோர் அறைக்கும் அந்தப் பேராம். மற்ற பதினோரு ஊர்களும் பக்கத்தில். மாரப்பனே நேரில் போய்த் தாள் உருவிக்கொண்டு வந்துவிட்டான். மலைக்கு மட்டும்தான் கடிதம். சாலம்மாள் 'செல் சுவர்' என்று எழுதியபோது பேனா ஒரு நொடி நின்றது. அவள் வீட்டுக் கூரை வாரையைத் தின்பதும் செல்லுதான். அது கட்டுகிற மண்ணும் சுவர் மாதிரிதான் இருக்கும். கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். படித்தவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தாள். பேனா மறுபடி ஓடிவிட்டது.

"என்ன தாயி, ஒடைஞ்சு போச்சா?"

"வந்துச்சுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மல்லையன் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தையில என்னமோ பேசிக்கிறாங்க, எந்த ஊரு வெதையையோ எரிக்கப் போறாங்கன்னு. எங்களது இல்லீங்களே? கீழ்நாட்டு வெதை எங்களுக்கு ஆகாது. பனிக்குத் தாங்காது. எங்க வெதை போச்சுன்னா இந்த வருசம் மட்டுமில்ல தாயி, எப்பவுமே போன மாதிரிதான்" என்றார்.

அவள் உள்ளே ஓடினாள்.

ஓடியது என்னவோ வேகமாகத்தான். மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் பழைய கதைதான். அரக்கு வாசனை. கவரின் மேல் தன் கையெழுத்தில் சேலம் விலாசம். அம்மாள் நிமிர்ந்து, "என்ன சாலா?" என்றார். பூச்சி ஓட்டுச் சரக்கு. செல்லின் றெக்கை, செல்லின் கால், தாளுக்குள் செல்லு துளைத்த வழியில் பிடித்த பூசணம். எல்லாமே பச்சையாகத்தானே ஒளிரும். பத்துக்குப் பத்து ஏன் என்று அவளுக்கு இப்போது தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தண்ணி... தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம்."

வெளியே வந்தாள். வத்தல்மலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. சித்திரை மாச மேகம், மூன்று மணிக்கு மேல் நம்ப முடியாது. வெயில் போய்விட்டால் குழாய் வெறும் குழாய். அவள் கண் மூட்டையின் மேல் போனது. மூட்டையின் மேல் சும்மாடு. துணிக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து மலைக்காரர்கள் சும்மாட்டுக்குத் துணி கட்டுவதில்லை. கொல்லையில் குவித்த தாள் போரில் ஒரு பிடி உருவி முறுக்கி வட்டமாகச் சுற்றிக்கொள்வார்கள். அது ராகித் தாள். மல்லையனின் கொல்லைத் தாள். யாரும் பொறுக்காத தாள்.

அவள் அதைச் சுட்டிக் காட்டினாள்.

"இதா? உனக்கு எதுக்குத் தாயி? தலையில என்ன பாரம்?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

பேசத்தான் வராது. சீவ வரும். தாளை விரித்து நகத்தால் தடவிப் பார்த்தாள். மண் இல்லை. நெட்டிக்குள் வைத்தாள். முதல் சீவல் தடித்துப் போனது. இரண்டாவதைக் கத்தியின் பல் கடித்துக் கிழித்துவிட்டது. மூன்றாவது நன்றாக வந்தது. சாயம் விட்டு, இருட்டறைக்குள் போய்க் குழாய்க்கு அடியில் வைத்து, கதவில் ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணாடியைத் திருப்பச் சொல்ல அவளுடைய வழக்கம் அது. ஒரு தட்டு என்றால் இடது பக்கம், இரண்டு தட்டு என்றால் வலது பக்கம். வெளிச்சம் வந்து விழுந்தது. குனிந்தாள்.

நீலம். ஏழாம் கோட்டில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது.

அம்மாளைக் கூப்பிடத் தெரியாமல் நாற்காலியைத் தரையில் கர்ரென்று இழுத்தாள். அந்தச் சத்தத்துக்கு அம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"எது, நல்லம்பள்ளித் தாளா? சுத்தமா இருக்கு. இப்ப எதுக்கு இதை வச்சே? ரிப்போர்ட்தான் ஒட்டியாச்சே." கையைத் துடைத்துக்கொண்டார். "சாமானைக் கட்டி வை. மழை வர மாதிரி இருக்கு. மாரப்பா! கவரை எடுத்துட்டுப் போய் பஸ்ஸுல குடு."

அவ்வளவுதான். அவள் நம்பியிருந்த கெட்டிக்காரத்தனமெல்லாம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. தாள் தானாகப் பேசும் என்று நினைத்திருந்தாள். தாள் பேசத்தான் செய்தது. தான் யாருடைய தாள் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. மாரப்பன் கவரை எடுத்துச் சட்டைக்குள் செருகினான்.

"சும்மாடுங்க" என்றாள் சாலம்மாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்னது?"

"சும்மாடுங்க. இது."

"வெயில்ல மூளை காஞ்சு போச்சுங்க புள்ளைக்கு" என்றான் மாரப்பன்.

"இரு மாரப்பா. ஏளா, என்ன சொல்லுதே?"

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து தேக்கிலைப் பொதியை இழுத்தாள். அம்மாளுக்கு முன்னால் வைத்துப் பிரித்தாள். காய்ந்த மண்பத்தைகள், குழல் குழலாக, தாளின் வளைவு அப்படியே பதிந்து கிடந்தன. ஒன்றின் உள்ளே வெளுத்த றெக்கை ஒன்று ஒட்டியிருந்தது.

"இதுவும் செல்லுதானுங்க" என்றாள்.

அம்மாளுக்குப் புரியவில்லை. மாரப்பனுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"கரையானுங்கம்மா. நாங்க செல்லுன்னுதான் சொல்லுவோம்" என்றான்.

"நீங்க செல் சுவருன்னு சொன்னீங்க. நான் செல் சுவருன்னு எழுதினேன்." சாலம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "அவங்க செல்லுச் சுவரு இருக்கற தாளாத் தேடித் தேடி அனுப்பிட்டாங்க. மூணு நாளு தேடினாங்களாம். அங்க செல்லே கம்மியாம். இப்பப் பாத்தீங்களே, அதுதானுங்க அவங்க தாளு. வெளிய நிக்கறாரு. அவரு சும்மாடு."

அம்மாள் றெக்கையை விரல் நுனியில் எடுத்தார். முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டே வந்தது.

"பொதி வந்தப்ப இந்த மண்ணு தாள் மேல இருந்ததா?"

"இருந்துச்சுங்க."

"நான் பாக்கும்போது இல்லையே. கழுவினது யாரு?"

இதுதான் அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி. "நானுங்க."

"ஏன்?"

"கத்தி... கத்தியில பல்லு வுழுந்துருச்சுங்க. மண்ணு கடிச்சு. பயந்துட்டேன்."

"எத்தனை ஊர்த் தாளைக் கழுவினே? உண்மையைச் சொல்லு."

"இது மட்டுந்தானுங்க. சத்தியமா."

அம்மாள் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மாரப்பன் சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்துக் கொடுத்தான். அரக்கு இன்னும் முழுக்க ஆறவில்லை.

"ஒரு சும்மாட்டை வச்சு ஒரு மலையையே விட முடியாது" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "ஒரு கொல்லைத் தாள்தான் அது. மலையிலிருந்து இன்னைக்கு வேற யார் வந்திருக்கா?"

வாசலில் நின்ற மல்லையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நாலு பேரு சந்தையில இருக்காங்கம்மா. மாதேசும் இருக்கான். ஆளுக்கொரு மூட்டை."

"ஆளுக்கொரு சும்மாடு இருக்குமில்ல?"

"இல்லாம எப்படிங்க?"

"மாரப்பா, ஓடு."

"நாலு பேரு தலையில இருக்கறதப் புடுங்கிட்டு வரணுங்களா? அடிச்சா யாருங்க வாங்கறது?"

"நான் வர்றேன் வா. அடிச்சா என்னையே அடிக்கட்டும்" என்று மல்லையன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர்கள் திரும்பி வரும்போது மூன்றேகால். மாரப்பன் கையில் நாலு சும்மாடு இருந்தது. தோளில் துண்டு இல்லை; அது ஒரு சும்மாட்டுக்கு ஈடாகப் போயிருந்தது. அதைப் பறிகொடுத்த கோபம் அவன் முகத்திலேயே இருந்தது. எந்தச் சும்மாடு யார் கொல்லைத் தாள் என்று மல்லையன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சாலம்மாள் சீட்டு எழுதினாள். எழுதும் முன்னால் ஒவ்வொரு பேரையும் திருப்பிக் கேட்டாள். அம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளையும் தானே பிரித்துப் பார்த்தார். மண் இல்லை. துளை இல்லை.

முதல் சீவல், நீலம், ஏழு. இரண்டாவது, நீலம், ஏழு. மூன்றாவதை வைக்கும்போதே வெளிச்சம் மங்கியது. மேகத்தின் ஓரம் சூரியனைத் தொட்டுவிட்டது. வெளியே மாரப்பன் கண்ணாடியை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வெளிச்சம் ஓட்டையைத் தாண்டித் தாண்டிப் போனது. சாலம்மாள் கதவை ஒரு தட்டுத் தட்டினாள். காற்று கிளம்பி ஓடுகள் சடசடத்தன. தட்டுச் சத்தம் அவன் காதில் விழவில்லை. இன்னொரு தட்டு. அதை இரண்டு தட்டு என்று எடுத்துக்கொண்டு அவன் வலது பக்கம் திருப்பிவிட்டான்.

"போச்சு" என்றார் அம்மாள், குழாயில் கண்ணை வைத்தபடி.

"எடப்பக்கம்!" சாலம்மாள் கத்தினாள். "மாரப்பண்ணா, எடப்பக்கம்! இன்னும்! இன்னும் கொஞ்சம்! அப்படியே நில்லுங்க!"

வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. நீலம், ஏழு.

நாலாவது சீவல் மாதேசுடையது. அதை வைத்தபோது மேகத்துக்கு நடுவே தேங்காய் மூடி அளவுக்கு ஒரு வாய்தான் திறந்திருந்தது. அம்மாள் குனிந்தார். நிமிரவில்லை. மறுபடி மையத்தைச் சரிசெய்தார். பிறகு நகர்ந்து, "நீ பாரு" என்றார். இதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை.

சாலம்மாள் பார்த்தாள். நீலம் ஏழில் நிற்கவில்லை. பச்சையாகி எட்டு, ஒன்பது, பத்து என்று வழிந்து, பதினொன்றில் கரைந்தது. நீலம் என்று சொல்லிவிடலாம். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு முறை யாரும் பார்க்கப் போவதில்லை.

"பதினொண்ணுங்க" என்றாள்.

"எனக்கும் பதினொண்ணுதான்." அம்மாள் சன்னமாகப் பெருமூச்சு விட்டார். வெளிச்சம் அணைந்தது.

வெளியே போய் விஷயத்தைச் சொன்னபோது மல்லையன் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "மாதேசு கொல்லை பள்ளத்துல இருக்குதுங்க. அங்கதான் பனி எறங்கி நிக்கும். போன வருசம் கதிரு கறுத்துச்சுன்னு அவனே சொன்னான், நாங்கதான் காதுல போட்டுக்கல" என்றார். "அவன் வெதையைப் பொசுக்கிப்புடறோம். நானே தீ வெக்கறேன். ஆளுக்கொரு மொறம் அள்ளிக் குடுத்தா அவனும் வெதைச்சுக்குவான். மத்ததுக்குத் தீ இல்லீங்களே?"

"வெள்ளிக்கிழமை இல்லை. அஞ்சு கொல்லை பாத்திருக்கேன், இது போதாது. திங்கட்கிழமை நானே மேல வந்து ஒவ்வொரு கொல்லையிலும் என் கையால உருவிப் பாப்பேன். அதுவரைக்கும் யாரும் மத்த எதையும் எரிக்கக் கூடாதுன்னு எழுதி அனுப்புதேன்."

தொப்பூர்ப் பக்கம் போகிற கரிபஸ் வளைவில் புகையைக் கக்கிக்கொண்டு ஊதியது. அம்மாள் பழைய கவரைக் கிழித்தார். நின்றுகொண்டே புதுக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதினார். முந்தின முடிவு தவறு என்று எழுதும்போது பேனாவை இரண்டு தரம் உதறினார். பேனாவில் மை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அரக்கு வைக்க நேரமில்லை. மாரப்பன் காகிதத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் தூறலில் நனைந்தபடி ஓடினான். அவன் பஸ்ஸைப் பிடிக்கிறவரைக்கும் மல்லையனும் சாலம்மாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். டிரைவர் கையை நீட்டி வாங்கினான். பஸ் கிளம்பியது.

மல்லையன் மூட்டையைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டு, வெறும் தலையைத் தடவினார். "எஞ் சும்மாடு?"

அது பிரிந்து மேஜையில் கிடந்தது; அதில் ஒரு சீவல் கண்ணாடிச் சில்லில் இருந்தது. அம்மாள் ஜன்னலில் தொங்கிய கறுப்புத் துணியைப் பிய்த்து அவரிடம் கொடுத்தார்.

எல்லாரும் போனபிறகு சாலம்மாள் மேஜையைத் துடைத்தாள். நாளைக்கு வரச் சொல்வாரா, இதோடு நிற்கச் சொல்வாரா என்று தெரியவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். அம்மாள் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். கடைசியாகச் சவரக்கத்தியை எடுத்து மடக்கினார்.

"எத்தனை நாளாச்சு, பல் விழுந்து?"

"எட்டு நாளுங்க."

"எட்டு நாளா இதை வச்சுக்கிட்டா சீவினே?" அம்மாள் கத்தியை நீட்டினார். "நாளைக்கு வரும்போது சாணை பிடிச்சுட்டு வா."

அப்போதுதான் நனைந்து திரும்பிய மாரப்பன் வாசலில் சட்டை நுனியால் தலையைத் துவட்டிக்கொண்டு, "ஆண்டியோட சவரக்கடையில கத்தியோட இந்தப் புள்ள போயி நிக்கறதை ஊரே பாக்கும். குடு புள்ள, நான் கொண்டுபோறேன்" என்றான்.

"வேண்டாங்கண்ணா" என்றாள் சாலம்மாள். "எங்க பல்லு வுழுந்திருக்குன்னு நான்தான் காட்டோணும்."